ஜானி செயின்: பிட்சர்கள் கொண்டாடிய கோச், மேனேஜர்கள் துரத்திய கோச்

1966 சீசன் முடிந்த கையோடு மினசோட்டா ட்வின்ஸ் பேஸ்பால் அணி தன் பிட்சிங் கோச்சை வேலையை விட்டு அனுப்பியது. அந்த வருஷம் அமெரிக்கன் லீகிலேயே அதிகமாக, 25 ஆட்டங்கள் ஜெயித்த பிட்சர் ஜிம் காட் அதே அணிக்காரர். மனுஷன் சும்மா இருக்கவில்லை. அணியின் ரசிகர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிப் பத்திரிகையில் வரவைத்துவிட்டார். ஒரு மகத்தான ஆளை இழக்கிறோம் என்பதுதான் கடிதத்தின் சாரம். சம்பளம் கொடுக்கும் முதலாளியை எதிர்த்து, அதுவும் ஒரு உதவிக் கோச்சுக்காக, ஆட்டக்காரர் எழுதிய கடிதம்! அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தக் கோச்சின் பெயர் ஜானி செயின். கொஞ்ச நாளாக இவரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். இவர் போன இடமெல்லாம் பிட்சர்கள் ஜெயித்தார்கள். அப்புறம் போன இடத்திலிருந்தெல்லாம் இவரை அனுப்பினார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான் என்பது என் கட்சி.

கிரிக்கெட் மட்டும் பார்க்கிற நண்பர்களுக்காகச் சுருக்கமாக: பிட்சர் என்றால் நம்ம பவுலர் மாதிரி. ஆனால் பந்து தரையில் குத்தாது, கையை மடக்கி எறியலாம். ஒரே ஆள் முழு ஆட்டத்துக்கும், அதாவது 9 இன்னிங்ஸுக்கும், எறிவது அன்றைக்குச் சகஜம். அணி ஜெயித்தால் அந்த வெற்றி பிட்சரின் பெயரில் எழுதப்படும். ஒரு சீசனில் 20 வெற்றி என்பது நம்ம ஊரில் ரஞ்சி சீசனில் ஆயிரம் ரன் அடிப்பது மாதிரி, ஒரு மைல்கல். இன்னொன்று. பேஸ்பாலில் 'மேனேஜர்' என்பவர்தான் அணியை நடத்துகிறவர், நாம் தலைமைப் பயிற்சியாளர் என்று சொல்கிற ஆள். பிட்சிங் கோச் அவருக்குக் கீழே. பல அணிகளில் அந்த வேலை மேனேஜரின் பழைய சிநேகிதர் யாருக்காவது போகும்.

செயின் 1917-ல் அர்க்கன்சா மாநிலத்தில் ஹவானா என்ற சின்ன ஊரில் பிறந்தார். (கியூபா ஹவானா இல்லை.) அப்பா கார் மெக்கானிக். பந்தை வளைத்து எறியக் கற்றுக்கொடுத்தவரும் அப்பாதான். செயினிடம் வேகம் கிடையாது. அதனால் 1936-லிருந்து வருஷக்கணக்காகக் கடைசிப் படியில் இருக்கும் குட்டி லீகுகளில் உழன்றார். பாஸ்டன் பிரேவ்ஸ் அணியில் பெரிய லீகுக்கு வந்தது 1942-ல், வயது 24. வந்த மறுவருஷமே போர். கடற்படையில் விமானப் பயிற்சிக்குப் போய்விட்டார்.

இந்தப் போர்க்காலம் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. விமானம் ஓட்டக் கற்றவர்களுக்குக் காற்றோட்டம் பற்றிப் பாடம் நடக்கும். பந்து ஏன் வளைகிறது என்பது தனக்கு அங்கேதான் தெளிவானது என்று செயின் பிற்பாடு சொல்லியிருக்கிறார். சுழலும் பந்து தன்னைச் சுற்றிய காற்றை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, அந்தத் தள்ளலுக்கு எதிர்ப்பக்கம் பந்து நகர்கிறது. லெக் ஸ்பின்னரின் பந்து பேட்ஸ்மேன் எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே 'டிப்' ஆகி விழுகிறதே, அதே சமாச்சாரம். கர்வ்பால் என்பது அதை வேகமாகச் செய்வது. வேகம் இல்லாத செயினுக்குச் சுழற்சிதான் சோறு போட்டது. ஒரே கர்வ்பாலைப் பல கோணத்தில், பல வேகத்தில் எறிவார்.

1943 ஜூலையில் போர் நிதிக்காக யாங்கி ஸ்டேடியத்தில் ஒரு காட்சி ஆட்டம். ஓய்வு பெற்றுவிட்ட பேப் ரூத் மட்டையோடு வந்து நின்றார். கடற்படைப் பயிற்சி அணிக்காக எறிந்தவர் செயின். ரூத்துக்கு நாலு பந்து தப்பாகப் போய் 'வாக்' கிடைத்தது. நாலு வருஷம் கழித்து, 1947 ஏப்ரல் 15, புரூக்ளின் எபெட்ஸ் ஃபீல்டு. நவீன பெரிய லீகில் முதல் கறுப்பின ஆட்டக்காரராக ஜாக்கி ராபின்சன் முதன்முதலாக மட்டை பிடிக்க வந்தார். எதிரில் நின்ற பிட்சர் மறுபடியும் செயின். ராபின்சன் தரையோடு அடித்து அவுட் ஆனார். ஆட்டத்தை 5-3 என்று புரூக்ளின் ஜெயித்தது. சரித்திரத்தின் இரண்டு முனையிலும் ஒரே ஆள் நிற்கிறார், இரண்டு படத்திலும் அவர் கதாநாயகன் இல்லை. கடைசிவரை அவர் ராசி அப்படித்தான்.

போரிலிருந்து திரும்பியதும் 1946-ல் 20 வெற்றி, 1947-ல் 21, 1948-ல் 24. அந்த 1948-ல்தான் பாஸ்டன் போஸ்ட் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் ஜெரால்டு ஹெர்ன் ஒரு குட்டிப் பாட்டு எழுதினார். வாரன் ஸ்பானும் செயினும் எறிந்தால் போதும், மற்ற நாளுக்கு வானம் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற கருத்து. பாட்டில் ஸ்பான் பெயர்தான் முதலில் வரும். அந்த வருஷம் ஸ்பான் ஜெயித்தது 15. வண்டியை இழுத்தது செயின். உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் கிளீவ்லாந்தின் பாப் ஃபெல்லரை எதிர்த்து 1-0 என்று ஜெயித்தவரும் அவர்தான். ஆனாலும் தொடர் கிளீவ்லாந்துக்கே போனது.

அதே 1948 கோடையில் நடந்த இன்னொரு விஷயம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். பள்ளிக்கூடம் முடித்த 18 வயதுப் பையன் ஜானி அன்டோனெல்லியை பிரேவ்ஸ் நிர்வாகம் 50,000 டாலருக்கும் மேல் போனஸ் கொடுத்து எடுத்தது. விதிப்படி அவனைப் பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும். அந்த சீசனில் அவன் எறிந்தது மொத்தம் 4 இன்னிங்ஸ். செயின் எறிந்தது 314. இந்த 314-காரர் அந்தப் பையனின் போனஸுக்குப் பக்கத்தில்கூட வராத சம்பளத்தில் அணியை லீக் பட்டத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். ஐடி கம்பெனியில் பத்து வருஷம் இருந்தவர்களுக்கு, பழைய ஆளைவிடப் புதிதாக வருகிறவனுக்கு அதிக 'பேக்கேஜ்' என்ற கதையை விளக்க வேண்டியதில்லை. செயின் நேராக நிர்வாகத்திடம் போய் நின்றார், கிளம்பிவிடுவேன் என்றார். சீசன் நடுவிலேயே புதிய ஒப்பந்தம் கைக்கு வந்தது.

இது எவ்வளவு துணிச்சல் என்று தெரிய 'ரிசர்வ் கிளாஸ்' பற்றி ஒரு வார்த்தை. அணி விற்றால் ஒழிய, விடுவித்தால் ஒழிய, ஆட்டக்காரர் வேறு எங்கும் போக முடியாது. ஒப்பந்தம் முடிந்தாலும் உரிமை அணியிடமே. 1975 டிசம்பரில் நடுவர் தீர்ப்பு வரும்வரை இதுதான் நடைமுறை. பேரம் பேச ஏஜென்ட்டும் அநேகமாகக் கிடையாது. அதனால்தான் காட் எழுதிய கடிதம் பெரிய விஷயம் என்றேன்.

314 இன்னிங்ஸுக்கு விலையும் இருந்தது. 1949-ல் தோள் வலி, 10 வெற்றி, 17 தோல்வி. 1950-ல் மீண்டு இன்னொரு 20. அடுத்த வருஷம் யாங்கீஸுக்கு விற்கப்பட்டார். மாற்றாக பாஸ்டனுக்கு 50,000 டாலரும் லூ பர்டெட் என்ற இளம் பிட்சரும். (அந்த பர்டெட் 1957 உலகத் தொடரில் இதே யாங்கீஸை மூன்று தடவை தோற்கடித்தார் என்பது தனிக்கதை.) யாங்கீஸில் இடையில் வந்து எறிகிறவராக மாறி, 1955-ல் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். மொத்தம் 139 வெற்றி, 116 தோல்வி. நல்ல கணக்கு, மகத்தான கணக்கு இல்லை.

கோச் வேலை 1959-ல் கேன்சஸ் சிட்டியில் ஆரம்பம். உண்மையான கதை 1961-ல் யாங்கீஸில்தான் தொடங்குகிறது. அங்கே வைட்டி ஃபோர்ட் என்ற பெரிய பிட்சர் இருந்தார். பழைய மேனேஜர் கேசி ஸ்டெங்கல் அவரைப் பொத்திப் பொத்தி, பலமான அணிகளுக்கு எதிராகப் பார்த்து இறக்குவார். அதனால் ஃபோர்ட் அதுவரை ஒரு தடவைகூட 20 தொட்டதில்லை. புதிய மேனேஜர் ரால்ஃப் ஹௌக்கும் செயினும் முறை வந்தால் நீதான் என்று வரிசையாக எறிய விட்டார்கள். 39 ஆட்டம் தொடங்கினார், 25 வெற்றி, 4 தோல்வி.

இதைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. எக்செல் ஷீட் திறந்து, 1961 முதல் 1975 வரை செயின் கையில் இருந்த பிட்சர்களில் 20 வெற்றி எடுத்தவர்களை எழுதினேன். ஃபோர்ட் (1961, 1963), ரால்ஃப் டெர்ரி (1962), ஜிம் பௌட்டன் (1963), மட்கேட் கிராண்ட் (1965), ஜிம் காட் (1966, 1974, 1975), ஏர்ல் வில்சன் (1967), டென்னி மக்லேன் (1968, 1969), வில்பர் வுட் (1971 முதல் 1974 வரை வரிசையாக நாலு), ஸ்டான் பான்சன் (1972). ஒன்பது பேர், பதினாறு தடவை.

அடுத்த பத்தியில்தான் சுவாரசியம். இந்த ஒன்பது பேரில் செயினிடம் வருவதற்கு முன்பே 20 எடுத்திருந்தவர் மக்லேன் மட்டும். செயினைப் பிரிந்த பிறகு மறுபடி 20 எடுத்தவர்? ஒருவரும் இல்லை. காட் விஷயத்தைப் பாருங்கள். 25 வருஷம் பெரிய லீகில் எறிந்த மனிதர். 20 தொட்ட வருஷங்கள் மூன்று. மூன்றிலும் கோச் செயின், ஒன்று மினசோட்டாவில், இரண்டு சிகாகோவில், நடுவில் ஏழு வருஷ இடைவெளி.

நியாயமாக எதிர்க்கட்சி வாதத்தையும் வைக்க வேண்டும். பிட்சரின் 'வெற்றி' என்பது அணியின் மட்டை பலத்தையும் சார்ந்தது. யாங்கீஸில் யார் எறிந்தாலும் ஜெயிப்பார்கள். 1969-ல் செயினை நீக்கியது ஆகஸ்டில், எனவே மக்லேனின் அந்த 24-ல் கடைசி சில வெற்றிகள் அவர் கணக்கில் வராது. மிக்கி லோலிச் என் அட்டவணைக்கு நேர் எதிர்: செயினிடம் அதிகபட்சம் 19, அவர் போன பிறகு 25-ம் 22-ம். 1977-ல் அட்லாண்டாவில் செயின் இருந்தும் அணி 101 ஆட்டம் தோற்றது, அங்கே ஃபில் நீக்ரோ தோற்றது 20. மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் 1961-லிருந்து 1968 வரை அவர் வேலையில் இருந்த ஏழு சீசனில் மூன்று வெவ்வேறு அணிகள் சேர்ந்து ஐந்து தடவை லீக் பட்டம் எடுத்திருக்கின்றன. வெறும் அதிர்ஷ்டம் என்று என்னால் தள்ள முடியவில்லை.

சரி, என்னதான் செய்தார்? வினோதமாக, ரொம்பக் குறைவாகத்தான். பந்தின் நடுவே ஒரு தண்டு செருகி, பிடித்துக்கொண்டு சுழற்றிப் பார்க்கிற மாதிரி ஒரு கருவி செய்து வைத்திருந்தார். விரலும் மணிக்கட்டும் எப்படித் திரும்பினால் பந்து எந்த அச்சில் சுழலும் என்பதை ஓட்டல் அறையில் உட்கார்ந்தே பழகலாம். தோளுக்கு வேலையே இல்லை. பிட்சரின் பாணியை மாற்று என்று கட்டளை போடுவதில்லை. உன்னிடம் இருப்பதில் எது நன்றாக வேலை செய்கிறது என்று பார்ப்போம் என்பார். 1973-ல் மினசோட்டா வேண்டாமென்று விட்ட 34 வயது காட்டை சிகாகோ ஒயிட் சாக்ஸ் எடுத்தபோது, சுற்றிச் சுழலும் ஆரம்ப அசைவுகளைக் குறைத்து, பேட்டர் தயாராகும் முன் சட்டென்று எறியும் பாணிக்கு உதவினார். அதில் வந்தவைதான் அந்தக் கடைசி இரண்டு இருபதுகள்.

இன்னொன்று, ஓட விடமாட்டார். மற்ற அணிகளில் பிட்சர்கள் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருப்பார்கள். செயின் கேட்டது: பந்தைக் கையால்தானே எறிகிறோம், காலால் தூக்கிக்கொண்டு ஓடியா கொடுக்கிறோம்? ஆட்டம் இல்லாத நாட்களிலும் மெதுவாக, முழு பலம் போடாமல் எறியுங்கள், அது போதும் என்பார். மேனேஜர்கள் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? எல்லாரும் வியர்க்க விறுவிறுக்க ஓடுகிறார்கள், பிட்சர்கள் மட்டும் ஒரு மூலையில் கோச்சோடு பேசிக்கொண்டு நிற்கிறார்கள்.

இங்கேதான் விரிசல். பிட்சர்கள் தனிக்கட்சி ஆகிவிட்டார்கள் என்பது மினசோட்டாவில் சாம் மீலிக்கும், டெட்ராய்ட்டில் மேயோ ஸ்மித்துக்கும் இருந்த மனக்குறை. தன் பிட்சர்களை மேனேஜரிடம்கூடச் செயின் விட்டுக்கொடுக்க மாட்டார். அதைவிட மோசம் (மோசம் என்று நான் சொல்லவில்லை, முதலாளிகள் பார்வையில்), நன்றாக எறிந்த வருஷம் தயங்காமல் மேலே போய் சம்பளம் கேள் என்று பிட்சர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1948-ன் பாடம்! 1970-ல் வந்த 'பால் ஃபோர்' புத்தகத்தில் பௌட்டன் இவரைப் புகழ்கிற அளவுக்கு வேறு எந்தக் கோச்சையும் புகழவில்லை. ஒரு நிர்வாகி இதைப் படித்தால் எந்தப் பக்கம் சிரித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, ஒவ்வொரு ஊரிலும் அதே சினிமா. யாங்கீஸில் மூன்று வருஷம் மூன்று லீக் பட்டம். 1963 முடிந்ததும் வெளியே. மேனேஜராக யோகி பெரா வந்தார், ஃபோர்டையே பிட்சிங் கோச்சும் ஆக்கிவிட்டார்கள். மினசோட்டாவில் இரண்டு வருஷம். அங்கே அவரோடு சேர்த்து அவர் நண்பர் ஹால் நாரகனையும் அனுப்பினார்கள், இருவரும் ஜோடியாக டெட்ராய்ட் போனார்கள். 1968-ல் மக்லேன் 31 வெற்றி. அதற்குப் பிறகு இன்றுவரை யாரும் 30 தொடவில்லை. லோலிச் உலகத் தொடரில் மூன்று ஆட்டம் ஜெயித்து, கடைசி ஆட்டத்தில் பாப் கிப்சனையே சாய்த்தார். உலகப் பட்டம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1969 ஆகஸ்டில் செயின் வெளியே. சண்டையில்லாமல் நீடித்தது சிகாகோவில் மட்டும், 1971 முதல் ஐந்து வருஷம். காரணம் எளிது. அங்கே மேனேஜர் சக் டேனர் பிட்சர்களை முழுக்க இவரிடம் விட்டுவிட்டார்.

என்னை உறுத்துகிற கேள்வி ஒன்று பாக்கி. அந்தக் கைகள் என்ன ஆயின? பௌட்டன் 1963-ல் 249 இன்னிங்ஸ், செயின் போன பிறகு 1964-ல் 271. 1965-ல் கை போய்விட்டது, 4 வெற்றி 15 தோல்வி. மக்லேன் இரண்டு வருஷத்தில் 661 இன்னிங்ஸ், தோளில் கார்ட்டிசோன் ஊசி போட்டுக்கொண்டு. 28 வயதில் பெரிய லீக் முடிந்தது. (சூதாட்டச் சகவாசம், தடை என்று அவராகத் தேடிக்கொண்டது தனி.) வில்பர் வுட் 1972-ல் 49 ஆட்டம் தொடங்கினார், 376 இன்னிங்ஸ். அவர் எறிந்தது நக்கிள்பால், கையை உலுக்காத எறி, அதனால் தாங்கியது. 2011-ல் ஜஸ்டின் வெர்லாண்டர் 251 எறிந்தார். அதற்கப்புறம் யாரும் 250-ஐத் தொடவில்லை. இன்றைய கண்ணுக்கு அந்த எண்கள் கொடுமையாகத் தெரியும். ஆனால் இதைச் செயின் தலையில் மட்டும் கட்டுவது சரியில்லை என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் எல்லா அணியிலும் இதே சுமைதான். அவர் சொல்லிக்கொடுத்தது அடிக்கடி எறி என்பதோடு பாதி பலத்தில் எறி என்பதும். ஆட்ட நாளில் அந்தப் பாதி பலம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? 1949-ல் தன் தோளையே கொடுத்தவர் அவர். பிட்சர் பக்கம் நின்ற கோச், பிட்சரை அவனிடமிருந்தே காப்பாற்றினாரா என்று கேட்டால், எல்லா இடத்திலும் இல்லை என்றுதான் சொல்வேன்.

70-களின் கடைசியில் பிரேவ்ஸின் கீழ்நிலை அணிகளில் பிட்சர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை பார்த்தார். அங்கே லியோ மசோனி என்று ஒரு இளம் கோச். பெரிய லீகில் ஒரு பந்துகூட எறியாதவர். செயின் சொன்னதையெல்லாம் பிடித்துக்கொண்டார். ஆட்டங்களுக்கு நடுவே இரண்டு தடவை, லேசாக எறியும் பழக்கத்தை 1990-லிருந்து அட்லாண்டாவின் பெரிய அணியிலேயே நடைமுறை ஆக்கினார். கிளாவின், மேடக்ஸ், ஸ்மோல்ட்ஸ் மூன்று பேரும் சேர்ந்து 1991-லிருந்து 1998-க்குள் அங்கே ஆறு சை யங் விருது வாங்கினார்கள். கைகளும் தாங்கின. மேடக்ஸ் 355 வெற்றியோடுதான் ஓய்ந்தார். இதெல்லாம் எங்கே கற்றது என்று கேட்டபோதெல்லாம் மசோனி செயின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

செயின் 2006 நவம்பர் 7-ல், 89 வயதில், இல்லினாயில் காலமானார். அன்றைக்கு காட்டின் 68-வது பிறந்த நாள். கூப்பர்ஸ்டவுனில் உள்ள 'ஹால் ஆஃப் ஃபேம்'-ல் கோச்சுகளுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. காட் அங்கே 2022-ல், 83 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அதே காட் ஒரே ஒரு முழு சீசன் பிட்சிங் கோச்சாக வேலை பார்த்திருக்கிறார். 1985, சின்சினாட்டி ரெட்ஸ், மேனேஜர் பீட் ரோஸ். அந்த வருஷம் டாம் பிரௌனிங் என்ற புதுமுக பிட்சர் 20 ஜெயித்தார். புதுமுகம் ஒருவர் 20 தொட்டது 1954-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. என் எக்செல் ஷீட்டில் அதற்கு ஒரு வரி தனியாகச் சேர்த்து, கோச் என்ற கட்டத்தில் காட் பெயரைப் போட்டு வைத்திருக்கிறேன்.